எந்த எழுத்தின் கீழ்? சேதுநாட்டுப் பெயர்களும் நூற்பட்டியல் வரிசையும்

நூற்பட்டியல் ஒன்றைத் தொகுப்பவர் இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு நூலைப் பற்றிய பதிவும் ஆசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு முதலிய உறுப்புகளை எந்த ஒழுங்கில், எத்தகைய நிறுத்தக்குறிகளோடு கொண்டிருக்க வேண்டும் என்பது ஒன்று; அவ்வாறு அமைந்த பதிவுகள் எந்த அடிப்படையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதைப் பட்டியல் நடை என்றும் பின்னதை வரிசையாக்கம் என்றும் இன்றைய அச்சுக்கோப்பு மென்பொருள்கள் பிரித்துக் கையாளுகின்றன. இவ்விரண்டும் கணிப்பொறியோடு பிறந்த சிக்கல்கள் அல்ல. ஓலையிலும் ஈய எழுத்திலும் இவற்றுக்கு வெவ்வேறு விடைகள் காணப்பட்டன. அவ்விடைகள் சிலவற்றின் வரலாறு, சேதுபதிகள் ஆண்டமையால் சேதுநாடு எனப்பட்ட இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையோடு நெருங்கிப் பிணைந்தது. அந்நாட்டின் புரவலர்களும் புலவர்களும் தமிழ் அச்சுக்கும் அகராதிக்கும் பெரும்பணி ஆற்றியவர்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர்களுடைய பெயர்களே எந்தப் பட்டியலிலும் எளிதில் ஓரிடத்தில் நில்லாதவை என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படாத செய்தி.

பழந்தமிழ்ச் சொற்றொகுதிகளான நிகண்டுகள் எழுத்து வரிசையைப் பின்பற்றவில்லை. திவாகரமும் பிங்கலமும் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் சொற்களைத் தொகுத்தன. மனப்பாடமாக நூலைக் கொள்ளும் மாணவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் பகுதியில் மட்டும் வேறொரு திறவுகோல் தேவைப்பட்டது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு தன் பதினோராம் தொகுதியைக் ககர எதுகை, ஙகர எதுகை என இரண்டாம் எழுத்தைக் கொண்டு வகுத்தது. அஃதாவது, தேடுபவர் சொல்லின் முதலெழுத்தை விட்டுவிட்டு அடுத்த எழுத்தைப் பார்க்க வேண்டும். செய்யுளோசையில் பயின்ற செவிக்கு இது இயல்பான வரிசையே. 1594ஆம் ஆண்டில் சிதம்பரம் இரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்தின் வழியே சொற்களை அடுக்கியது. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பிரிவுகளைக் கொண்டது. தொடையகராதி எதுகை தேடும் புலவனுக்கென்றே அமைந்தமையால், பழைய திறவுகோலும் புதிய திறவுகோலும் ஒரே நூலுக்குள் அருகருகே இடம்பெற்றன. வரிசை என்பது படிப்பவர் எதைக் கையில் வைத்துக்கொண்டு தேடி வருகிறார் என்பதைப் பொறுத்தது என்பதை அம்முனிவர் நன்கு அறிந்திருந்தார்.

எழுத்து வரிசை பயன்பட வேண்டுமாயின் எழுத்துகள் ஐயமின்றி வேறுபட்டு நிற்க வேண்டும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வரிவடிவில் வேறுபடுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. தமிழில் முதன்முதல் நூல்களை அச்சிட்ட அண்டிரிக்கு அடிகளார் இந்நிலையையே ஈயத்தில் வார்த்தார். அவரது வாழ்வு சேதுநாட்டுக் கடற்கரையைத் தொட்டே செல்கிறது. மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் 1549இல் அந்தோனி கிரிமினாலி என்னும் சேசுசபைத் துறவி கொல்லப்பட்ட பின்னர், முத்துக்குளித்துறைப் பணியின் தலைமை அண்டிரிக்கு அடிகளாரிடம் வந்தது. கொல்லத்தில் 1578இல் அச்சான தம்பிரான் வணக்கமும், 1586இல் வெளிவந்த அடியார் வரலாறும் அவர் ஆக்கங்கள். புள்ளியின்றியும் நெடில் குறில் வேறுபாடின்றியும் அச்சான சொற்களை, எழுத்தைக் கண்ட அளவில் எவரும் வரிசைப்படுத்த இயலாது. ஒவ்வொன்றையும் படித்து, இன்ன சொல் என்று துணிந்த பிறகே அதற்கு இடம் கொடுக்க முடியும். சுவடிகளின் பெயர்களைப் பட்டியலாக்குவோர் இன்றும் செய்வது அதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சகங்கள் பெருகியபோது, நூல்களுக்கே பட்டியல் தேவைப்பட்டது. ஜான் மர்டாக் 1865இல் சென்னையிலிருந்து வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் அட்டவணை பொருள்வகையால் பகுக்கப்பட்டது. சமயம், சட்டம், மருத்துவம், இலக்கியம் என்ற தலைப்புகளின் கீழ் நூல்கள் நின்றன. இரண்டு ஆண்டுகள் கழித்து நடைமுறைக்கு வந்த 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூற்பதிவுச் சட்டம், அச்சாகும் ஒவ்வொரு நூலையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று விதித்தது. அப்பதிவேடுகளின் வழியே காலாண்டு அட்டவணைகள் வந்தன. யாழ்ப்பாணத்தில் சதாசிவம்பிள்ளை 1886இல் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் புலவர்களை அகரவரிசையில் நிறுத்தியது. பார்னெட்டும் ஜி.யு. போப்பும் தொகுத்த பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தின் தமிழ் நூல் அட்டவணை 1909இல் வெளிவந்தபோது, ஆசிரியர் பெயரே தலைப்பாயிற்று. நூற்பெயரால் நூலை அறியும் தமிழ் வழக்கும், ஆசிரியர் பெயரால் அறியும் ஐரோப்பிய வழக்கும் இங்கே எதிரெதிரே நின்றன. திருக்கோவையாரைக் கேட்டு வருபவர் மாணிக்கவாசகரின் கீழ் தேடுவாரா, திருக்கோவையாரின் கீழ் தேடுவாரா, உரைக்காக வருபவராயின் பேராசிரியரின் கீழ் தேடுவாரா என்பது ஆசிரியர் தலைப்பை விதியாகக் கொண்ட எந்த அட்டவணைக்கும் இடர்தான்.

அந்தத் திருக்கோவையாரின் பதிப்பே சேதுநாட்டுக்கு இட்டுச் செல்கிறது. ஆறுமுக நாவலர் 1860களின் தொடக்கத்தில் திருக்கோவையார் உரையையும் திருக்குறள் பரிமேலழகர் உரையையும் அச்சிட்டபோது அவருக்குத் துணைநின்றவர் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பொன்னுசாமித் தேவர். முத்துராமலிங்க சேதுபதியின் தமையனாரும் சமஸ்தான நிருவாகத்தை முன்னின்று நடத்தியவருமான அவர் புலவர்களைப் போற்றியதோடு நூல்களையும் திரட்டினார். அக்காலத்து முகப்புப் பக்கங்கள் இன்றைய பட்டியல் நடைக்குள் அடங்குவன அல்ல. ஆசிரியர் பெயருக்கு முன் ஊரும் மடமும் விருதும், அதன்பின் வேண்டிக்கொண்டவர் பெயரும் அவருடைய பட்டங்களும், பின்னர் பரிசோதித்தவர் பெயரும், அச்சிட்டவர் பெயரும் எனப் பல வரிகள் தொடரும். பதிப்புக்குக் காரணமான புரவலரை ஆசிரியர், பதிப்பாசிரியர், வெளியீட்டாளர் என்ற மூன்று இடங்களில் எதிலும் வைக்க இயலாது. ஆகவே இன்றைய பட்டியல்கள் அவரை விட்டுவிடுகின்றன. சேதுநாட்டுப் பதிப்பு வரலாற்றை நூற்பட்டியல்களை மட்டும் கொண்டு எழுத முயல்பவருக்கு அந்நாடு ஏறத்தாழ ஒன்றும் செய்யவில்லை என்ற தோற்றமே கிடைக்கும்.

ஆண்டு என்ற உறுப்பும் அத்தகையதே. அக்காலத்து நூல்கள் பலவற்றில் ஆங்கில ஆண்டு இல்லை. இருந்தாலும் தமிழ் எண்களில் இருக்கும். பெரும்பாலும் காணப்படுவது அறுபது ஆண்டுச் சுழற்சியில் வரும் பெயரே. துன்மதி என்பது 1861ஆம் ஆண்டு சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம். 1921இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். சித்திரையில் தொடங்கும் ஆண்டு டிசம்பரோடு முடிவதில்லை என்பதால், ஒரே துன்மதிக்குள் 1861இன் ஏறத்தாழ எட்டரை மாதங்களும் 1862இன் மூன்றரை மாதங்களும் அடங்குகின்றன. ஆசிரியர், ஆண்டு, நூற்பெயர் என்ற வரிசையில் பதிவுகளை அடுக்கும் கருவியிடம் இப்பெயரை அப்படியே கொடுத்தால், ரௌத்திரிக்கு அடுத்து வரும் துன்மதி அதற்கு முன்னால் சென்று நிற்கும். ஏனெனில் கருவிக்குத் தெரிவது தகரம் ரகரத்துக்கு முந்தியது என்பது மட்டுமே.

பொன்னுசாமித் தேவரின் மைந்தரும் பாலவநத்தம் ஜமீன்தாருமான பாண்டித்துரைத் தேவர், தம் உறவினரான பாஸ்கர சேதுபதியின் துணையோடு 1901 செப்டம்பர் 14 அன்று மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, சங்கத்துக்கென்று ஓர் அச்சகம், செந்தமிழ் என்னும் இதழ் ஆகியன அதன் உறுப்புகளாயின. ஆய்வுக் கட்டுரைகளைத் தாங்கிய அவ்விதழ், மேற்கோள் காட்டும் முறையிலும் ஒரு புதிய பழக்கத்தை ஏற்படுத்தியது. நூற்பாவையோ செய்யுளையோ சொல்லிவிட்டு, அது இன்ன நூலில் இன்ன இடத்தது என்று சுட்டுவது புலமைக்கு இழுக்கு அன்று என்ற எண்ணம் பரவத் தொடங்கியது. உ.வே. சாமிநாதையரின் பதிப்புகள் அப்பழக்கத்துக்கு முன்னரே வழி திறந்திருந்தன. உரையாசிரியர் எடுத்தாண்ட நூல்களையும் அருஞ்சொற்களையும் அகரவரிசைப்படுத்திப் பின்னிணைப்பாகத் தந்தவர் அவர்.

தமிழ்ச் சங்கத்தின் வெளியீடுகளில் இரண்டு, வரிசையாக்க வரலாற்றில் தனித்துக் கூறத்தக்கவை. யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை தொகுத்த அகராதி சங்கத்தின் வழியே 1910 முதல் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டுகள் தனியொருவராக உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி, பதிப்பிக்க முன்வருவார் எவருமின்றிக் கிடந்து, பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் அதே 1910இல் அச்சேறியது. புராண மாந்தர், அரசர், புலவர், ஊர், நூல், சாத்திரக் கருத்து ஆகிய அனைத்தையும் ஒரே அகரவரிசைக்குள் கொண்டுவந்த நூல் அது. பொருள்வகையால் பிரித்துவைக்கும் நிகண்டு மரபிலிருந்து அது எவ்வளவு தொலைவு வந்துவிட்டது என்பதற்கு, முனிவரும் மூலிகையும் ஒரே பக்கத்தில் நிற்பதே சான்று. தேவர் அதற்கு அடுத்த ஆண்டு மறைந்தார்.

செந்தமிழ் இதழின் ஆசிரியர்களாகப் பணியாற்றிய இருவர் இவ்வரலாற்றின் நடுவில் நிற்கின்றனர். ஒருவர் ரா. இராகவையங்கார், மற்றவர் மு. இராகவையங்கார். இருவரும் உறவினர், இருவரும் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் வளர்ந்தவர்கள், இருவரும் சங்க இலக்கியத்திலும் பழந்தமிழ் வரலாற்றிலும் ஆய்வு செய்தவர்கள். முன்னவர் வஞ்சிமாநகர் எழுதினார். பின்னவர் சேரன் செங்குட்டுவன் எழுதினார். ஆகவே சேர வரலாறு பற்றிய எந்த ஆய்வேட்டின் பட்டியலிலும் இருவரும் அடுத்தடுத்து வருவர். மு. இராகவையங்கார், ஜே.எஸ். சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1913இல் மதுரையில் பணி தொடங்கிய தமிழ்ப் பேரகராதியின் தலைமைத் தமிழ்ப் பண்டிதராக நெடுங்காலம் இருந்தார். பின்னர் சென்னைக்கு மாற்றப்பட்டு, வையாபுரிப்பிள்ளையின் பொறுப்பில் நிறைவுற்று, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அப்பேரகராதி, நூற்றாண்டு முழுவதற்கும் தமிழ்ச் சொல் வரிசையின் அளவுகோல்களில் ஒன்றாக விளங்கியது. சொற்களை வரிசைப்படுத்தும் பெரும்பணியில் வாழ்நாளைச் செலவிட்ட அவருடைய பெயர், பட்டியல்களில் தம் உறவினரின் பெயரோடு கலந்துவிடுவது ஒரு விந்தையான முரண்.

பெயரின் எந்த உறுப்பைத் தலைப்பாகக் கொள்வது என்பதை நூலகவியல் விதியாக ஆராய்ந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் பெயரின் முதலெழுத்துகளில் ஒன்று ஊரையும் மற்றொன்று தந்தையையும் குறிப்பது; ஐரோப்பியர்க்குள்ளது போன்ற குடும்பப் பெயர் அதில் இல்லை. 1934இல் வெளிவந்த அவருடைய அட்டவணை விதிநூல், இந்தியப் பெயர்களில் உயிரான உறுப்பு எது என்பதை வட்டார வழக்கைக் கொண்டே துணிய வேண்டும் என்ற நிலைப்பாட்டிலிருந்து எழுதப்பட்டது. தென்னாட்டுப் பெயரில் முதலெழுத்துகள் துணைமையானவை, முழுமையாக எழுதப்படும் சொல்லே தலைமையானது என்ற தெளிவு நூலகங்களுக்கு அவ்வாறு கிடைத்தது. அச்சுக்கோப்பு மென்பொருள்களை எழுதியவர்களுக்கு அது சென்று சேரவில்லை.

டொனால்ட் நூத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு முறைமையும், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் அமைத்த லேடெக் என்னும் மேற்கட்டும், கணித நூல்களையும் ஆய்வேடுகளையும் அச்சிடும் முறையை மாற்றின. லேடெக்கோடு பயன்படுத்துவதற்காக ஓரன் படாஷ்னிக் 1985இல் எழுதிய பிப்டெக் என்னும் நிரல், நூற்குறிப்புகளை ஒரு கோப்பிலும் பட்டியல் நடையை வேறொரு கோப்பிலும் வைத்தது. ஒரு முறை தட்டச்சிட்ட குறிப்பு, நடைக்கோப்பை மாற்றினால் வேறு தோற்றத்தில் அச்சாகும். இப்பிரிவினையே பிப்டெக்கின் நிலைத்த சாதனை. ஆனால் நடைக்கோப்பு எழுதப்படும் மொழி எளிதன்று; முதலில் மதிப்புகளை அடுக்கின்மேல் வைத்துவிட்டு, அவற்றின்மீது செய்ய வேண்டிய செயலைப் பின்னால் கூறும் தலைகீழ் முறையில் அது அமைந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் அச்சாகாத ஒரு திறவுச்சரம் உருவாக்கப்பட்டு, அதன் வழியே வரிசையாக்கம் நடக்கும். நடையைத் தம் தேவைக்கு மாற்ற விரும்பியவர் அச்சரத்தை உருவாக்கும் பகுதியைத்தான் திருத்த வேண்டியிருந்தது. பெரும்பாலோர் ஏற்கெனவே இருந்த நடை ஒன்றைப் படியெடுத்து, நிறுத்தக்குறிகளை மாற்றியதோடு அமைந்தனர்.

பிப்டெக் ஒருவர் பெயரை நான்கு உறுப்புகளாகக் காண்கிறது: முன்பெயர், சிற்றெழுத்தில் தொடங்கும் இடைச்சொல், கடைப்பெயர், இளையவர் போன்ற பின்னொட்டு. காற்புள்ளியின்றி எழுதப்பட்ட பெயரின் இறுதிச் சொல்லைக் கடைப்பெயராகக் கொண்டு, அதன்வழி வரிசைப்படுத்துகிறது. தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு இல்லாமையால் இரண்டாம் உறுப்பு பயனற்றுப் போகிறது. மற்ற விதிகள் சேதுநாட்டுப் பெயர்களின்மேல் விழுந்தால் நேர்வது கவனிக்கத்தக்கது. மு. இராகவையங்கார் என்று முதலெழுத்துக்குப்பின் இடைவெளி விட்டு எழுதினால், இறுதிச் சொல்லான இராகவையங்கார் தலைப்பாகிறது; ரங்கநாதன் விரும்பியதே தற்செயலாகக் கிடைக்கிறது. இடைவெளி விடாமல் எழுதினால் பெயர் முழுவதும் ஒரே சொல்லாகி, மகரத்தின் கீழ் செல்கிறது. அவர் உறவினர் ரகரத்தின் கீழ் செல்கிறார். இராகவ ஐயங்கார் எனப் பிரித்து எழுதினாலோ இருவரும் ஐகாரத்தின் கீழ் வருகின்றனர். பாண்டித்துரைத் தேவரும் பொன்னுசாமித் தேவரும் தகரத்தில், தேவர் என்று முடியும் பிற எல்லோருடனும் சேர்ந்துகொள்கின்றனர். பாஸ்கர சேதுபதி பிற சேதுபதிகளோடு சகரத்தில் நிற்கிறார். இறுதிச் சொல்லே தலைப்பு என்ற விதியைத் தமிழ் ஆசிரியர் பெயர்களுக்கு அப்படியே பொருத்தினால், நூற்பட்டியல் சாதிப்பட்டியலாகி விடுகிறது என்பது கடுமையான கூற்றாகத் தோன்றலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி நூல்களைக் கொண்ட எந்தப் பட்டியலிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் பெயர் இதைவிடத் தெளிவான சான்று. அவுல், பக்கீர் என்பன முன்னோர் பெயர்கள். ஜைனுலாப்தீன் என்பது தந்தை பெயர். அப்துல் கலாம் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்ததே அவருடைய சொந்தப் பெயர். அரபு வழக்கில் அப்துல் என்பது தனித்து நிற்கும் பெயரன்று. அடுத்து வரும் சொல்லோடு இணைந்தால்தான் அது பெயராகும். கடைச்சொல் விதி அவ்விணைப்பை அறுத்து, கலாம் என்பதைக் குடும்பப் பெயராகவும் அப்துல் என்பதை முதலெழுத்தாகச் சுருக்கத்தக்க முன்பெயராகவும் ஆக்குகிறது. 1999இல் வெளிவந்து அக்கினிச் சிறகுகள் என்று தமிழில் அறியப்பட்ட அவருடைய தன்வரலாறு, ஒரு பட்டியலில் அகரத்திலும் மற்றொன்றில் ககரத்திலும் காணப்படுவது இதனால்தான். இரு சொற்களையும் நெளிவு அடைப்புக்குறிக்குள் இட்டு ஒரே உறுப்பாகக் காட்டினால் பிப்டெக் அதை மதிக்கும். அதைச் செய்ய வேண்டும் என்று அறிந்தவர் பட்டியலிடும்போது மட்டுமே அது நடக்கும்.

கீழக்கரையின் பெயர்கள் இன்னும் ஒரு படி அப்பால் செல்கின்றன. கிழவன் சேதுபதியின் காலத்து வள்ளல் சீதக்காதியின் இயற்பெயர் செய்கு அப்துல் காதிர். தமிழ் நாவில் உருண்டு வந்த வடிவமே இலக்கியத்தில் நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த செய்யிது முகம்மது ஆலிம், மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றே மக்களிடையே வழங்கப்பட்டார். அவரும் அவர் வழியினரும் எழுதிய நூல்கள் பல அரபுத்தமிழில் அமைந்தவை. அஃதாவது, தமிழ் மொழியை அரபு எழுத்துகளில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில எழுத்துகளை மாற்றியமைத்து, வலமிருந்து இடமாக எழுதும் முறை. இத்தகைய நூலை மொழியால் தமிழ்ப் பட்டியலில் சேர்ப்பதா, எழுத்தால் அரபுப் பட்டியலில் சேர்ப்பதா என்ற வினாவுக்கு அட்டவணைகள் ஒரே விடை தரவில்லை. தமிழ்ப் பட்டியலில் சேர்ப்பதானால் தலைப்பை ஒலிபெயர்த்தே வரிசையில் இட வேண்டும்.

எழுத்துக் குறியீடுகளின் வரலாறு வேறொரு குழப்பத்தைக் கொணர்ந்தது. 1991இல் முதற்பதிப்புக் கண்ட ஒருங்குறி, இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக இந்திய அரசு வகுத்திருந்த குறியீட்டு முறையைத் தழுவியது. அதில் எல்லா மொழிகளும் தேவநாகரியின் சட்டத்துக்குள் இணையாக அமைக்கப்பட்டமையால், தமிழின் இறுதி மெய்யான னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் இடம்பெற்றன. ஜகரம் ஞகரத்துக்கு முன் நுழைந்தது. தமிழ்ச் சொற்கள் னகரத்திலோ றகரத்திலோ தொடங்குவதில்லை என்பதால் முதலெழுத்தளவில் பிழை தெரியாது. இரண்டாம் எழுத்தில்தான் அது வெளிப்படும். கடலாடி, கமுதி, கன்னிராஜபுரம் என்பதே இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்கள் மூன்றின் முறையான வரிசை. குறியெண் வழியே அடுக்கும் நிரல் கன்னிராஜபுரத்தைக் கமுதிக்கு முன்னால் வைக்கும். புள்ளி, உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் குறியெண் பெற்றமையால், மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வர வேண்டும் என்று கொள்ளும் அகராதிகளின் வரிசையும் கெடுகிறது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் மரபு வரிசையிலேயே தனியிடம் தரும் தேஸ்16 என்ற குறியீட்டைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றதற்கு, இக்குறையைப் பற்றிய நெடிய முறையீடுகளும் ஒரு காரணம். நடைமுறையில் உலகம் ஒருங்குறியோடே சென்றது.

பிப்டெக்குக்கு இந்த வரிசைப் பிழைகூட எட்டாத தொலைவில் இருந்தது. ஒருங்குறியின் பரவலான சேமிப்பு வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று எண்மிகளாக (பைட்டுகளாக) எழுதப்படுகிறது. எழுத்தை ஓர் எண்மியாகவே எண்ணிய அந்நிரல், பெயரைச் சுருக்க முற்பட்டால் முதல் எண்மியை மட்டும் வெட்டியெடுத்துப் பொருளற்ற குறியை அச்சிடும். பிலிப் லேமன் தொடங்கிய பிப்லேடெக் தொகுப்பும், அதற்கென்று பிரான்சுவா ஷரெத்தும் பிலிப் கைமும் உருவாக்கிய பைபர் நிரலும் வந்த பிறகே நிலை மாறியது. நடைக்கோப்பின் தலைகீழ் மொழி நீங்கி, லேடெக்கின் கட்டளைகளாலேயே நடையை மாற்ற வழி பிறந்தது. வரிசை வார்ப்புரு என்ற கட்டளையில், முதலில் ஆசிரியர், அடுத்து ஆண்டு, பின்னர் நூற்பெயர் என்று வேண்டியவாறு படிநிலைகளைக் குறிக்கலாம். எழுத்துகளை ஒப்பிடுவதற்குக் குறியெண்ணை நம்பாமல், ஒருங்குறி அமைப்பு வகுத்த ஒப்பீட்டு விதியையும், அதன்மேல் தமிழுக்கென்று செய்யப்பட்ட திருத்தத்தையும் பைபர் கைக்கொள்கிறது. வட்டார மொழி தமிழ் என்று ஒரு சொல் குறித்துவிட்டால் கன்னிராஜபுரம் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். முதலெழுத்தாகச் சுருக்கும்போதும் உயிர்க்குறியைப் பிரிக்காமல், முத்துசாமியை மு. என்றே தருகிறது.

இரு இராகவையங்கார்களின் சிக்கலையும் அது ஓரளவு தீர்த்தது. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் மட்டும் அடைப்புக்குறிக்குள் தரும் நடையில் இராகவையங்கார் என்று மட்டும் அச்சானால் யாரென்று அறிய இயலாது. ஒரே கடைப்பெயருடைய இருவர் பட்டியலில் இருப்பதைக் கண்டால், மேற்கோளிலும் முதலெழுத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் வசதி பிப்லேடெக்கில் உண்டு. அவ்வாறு ரா. என்றும் மு. என்றும் அவர்கள் பிரிந்து நிற்பர்.

எந்த ஒப்பீட்டு விதியும் தீர்க்காத ஒன்று எஞ்சுகிறது. ரகரம் சொல்லுக்கு முதலில் வாராது என்ற இலக்கண மரபால் இகரம் முன்சேர்ந்த வடிவமும், சேராத வடிவமும் இரண்டுமே இன்று வழக்கில் உள்ளன. இராமநாதபுரம், ராமநாதபுரம்; இராமேசுவரம், ராமேஸ்வரம்; இராகவையங்கார், ராகவையங்கார். ஒரே ஆசிரியரின் இரண்டு நூல்கள், முகப்புப் பக்கத்தின் எழுத்துமுறையை மாற்றாமல் பதிவு செய்தால், ஒன்று இகரத்திலும் மற்றொன்று பட்டியலின் பிற்பகுதியில் ரகரத்திலுமாகப் பிரியும். 1985இல் மூன்றாகப் பிரிக்கப்படும் வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த கோட்டையூரில், ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய பெருந்தொகுதி 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டுச் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானபோது, அட்டவணையாளர்கள் இத்தகைய பெயர்களை ஆயிரக்கணக்கில் எதிர்கொள்ள நேர்ந்தது. நூலகங்கள் இதற்குக் கையாளும் முறை, ஒரு வடிவத்தை அதிகார வடிவமாகத் தேர்ந்து, மற்றதன்கீழ் அதைக் காண்க என்ற குறிப்பை வைப்பதாகும். அச்சுக்கோப்பு முறைமையில் அப்பணிக்கு ஈடானது, முகப்பில் உள்ளபடியே அச்சாகும் ஆசிரியர் புலத்துக்குப் பக்கத்தில், வரிசைக்கு மட்டும் பயன்படும் பெயர்ப்புலம் ஒன்றையும் ஆண்டுப்புலம் ஒன்றையும் நிரப்புவது. ராகவையங்காருக்கு அதில் இராகவையங்கார் என்றும், துன்மதிக்கு 1861 என்றும் தொகுப்பவர் பதிவுதோறும் கையால் இட்டு வருகிறார்.